தும்மல்காரி பேச்சி

ஒரு ஊர்ல ஒரு மூக்கு இருந்துச்சாம். சிரிக்காதட்டி, மூக்குதான். அந்த மூக்குக்குப் பின்னாடி பேச்சின்னு ஒரு பொண்ணு இருந்தா. உன்னைவிட ரெண்டு வயசு மூத்தவ. காலை நீட்டிப் படு, அத்தை வயித்துல உதைக்காத. ம் போடணும், என்ன? ம்... அப்படி.

அந்த ஊரு பெரிய ஊருதான், ஆனா மழையே எட்டிப் பார்க்காத ஊரு. ஆத்துல தண்ணிக்குப் பதிலா சீமைக்கருவேலந்தான் நிக்கும். மாசி, பங்குனி வந்தா அம்புட்டும் பூத்துரும். அப்புறம் மேல்காத்து உய்ய்ய்னு வீசும் பாரு, மஞ்சத் தூளு பறந்து வந்து வீட்டு வாசல், கொடியில கிடக்குற துணி, பைக் சீட்டுன்னு ஒண்ணு விடாம உக்காந்துக்கும். பேச்சி காலையில எந்திரிச்சதும் அப்பா லோடு ஆட்டோ சீட்ல விரலால கோடு போட்டுப் பார்ப்பா. கோடு லேசாத் தெரிஞ்சா அன்னிக்குத் தும்மல் கம்மி. பளிச்சுன்னு தெரிஞ்சுதோ, போச்சு. ஹச்! ஹச்! ஹச்! கண்ணு ரெண்டும் மிளகாப்பழமாச் செவந்துரும்.

புள்ளைங்க தும்முனா பெரியவங்க 'நூறு'ம்பாங்கல்ல, நூறு வயசு இருக்கணும்னு? அடுத்த தும்மலுக்கு இருநூறு. பேச்சிக்கும் மொதல்ல சொன்னாங்க. அவ விடாமத் தும்முனா யாரு உக்காந்து சொல்லிக்கிட்டே இருப்பா? வாய் வலிச்சு விட்டுட்டாங்க, பாவம் அந்தப் புள்ள.

விட்டதோட போகலையே! ஒரு நா அவங்க அப்பா சுடலைமுத்து சாமி கும்பிட்டு, ஆட்டோவைக் கிளப்ப வாசல்ல காலை வச்சாரு. ஹச்! கிளம்பும்போது ஒருத்தர் தும்முனா சகுனம் சரியில்லைன்னு அந்த ஊரு வழக்கம். உள்ள வந்து உக்காந்து, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடி போகணும். அவரு மடக்மடக்னு குடிச்சிட்டுப் போறதுக்குள்ள அந்த லோடை வேற ஆட்டோக்காரன் ஏத்திட்டான். ம் எங்கட்டி? ம்.

அப்புறம் இன்னொரு நா, அவ அக்கா வடிவு ஜவுளிக்கடை வேலைக்குக் கேட்டுட்டு வரக் கிளம்புனா. ஹச்! உக்காரு, தண்ணி குடி. அதுக்குள்ள பஸ்ஸு டுர்ருனு போயிருச்சு, வேலையும் போச்சு. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "இது பூந்தூளுனால வர்றது, மழை பெஞ்சா அடங்கிரும், அதுவரை மூக்கை மூடிக்கோ"ன்னாங்க. அம்மா நொச்சித்தழை போட்டு ஆவி புடிக்க வச்சா, மிளகுப்பால் குடுத்தா. மூக்கு கேக்கலையே!

அப்போதான் வடிவுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை வீடு நாகர்கோவில். வடிவுக்கும் புடிச்சுப்போச்சு. வெள்ளிக்கிழமை வந்து தட்டு மாத்தி நிச்சயம் பண்றதாப் பேச்சு.

பேச்சிக்கு ஒரே ஒரு ஆசை. அக்கா பக்கத்துல நிக்கணும். கல்யாணமாயிட்டா அக்கா ஊரைவிட்டுப் போயிருவாளே! ஆனா அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஏட்டி, தட்டைத் தூக்குற நேரத்துல நீ ஒரு தும்மல் போட்டா எல்லாம் போச்சு. கொஞ்ச நேரம் உள்ரூம்ல இருந்துக்கிடுறியா?"ன்னு கேட்டாரு. பேச்சி "சரிப்பா"ன்னா. வடிவு ஓன்னு அழுதா. "அவ நிக்கலைன்னா நானும் நிக்கமாட்டேன்"ன்னு மல்லுக்கட்டுனா. பேச்சிதான், "சும்மா இரு அக்கா, எனக்காகக் கெடுத்துக்காத"ன்னு தானே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. எனக்கே இதைச் சொல்லும்போது அழுகை வருதுட்டி.

வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. பேச்சி சீட்ல கோடு போட்டா, அன்னிக்குப் பேரே எழுதலாம், அம்புட்டுத் தூளு! வேன்ல வந்து இறங்குனாங்க மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க. மாப்பிள்ளையோட அம்மா தங்கநாடாச்சி பெரிய ஆகிருதி, சிரிக்காத முகம். மரியாதைக்காக அவங்களை நல்லா காத்து வர்ற ஜன்னலோரத்துல உக்கார வச்சாங்க. கதவிடுக்குல பார்த்த பேச்சிக்குப் பகீர்னுச்சு. அய்யய்யோ, அந்த ஜன்னலா! அவ அங்கதான படுத்துத் தும்மிக்கிட்டிருந்தா!

அவ மூக்குலயும் குறுகுறுகுறு. துண்டை எடுத்து மூஞ்சியில அமுக்கிக்கிட்டா. வெளிய ரெண்டு பக்கமும் தட்டைத் தூக்குனாங்க. அப்போ...

ஹ... ஹ... ஹச்ச்ச்!

பேச்சி இல்லட்டி! தங்கநாடாச்சி! வீடே அதிர்ந்துருச்சு.

தூக்குன கை அப்படியே நின்னுச்சு. மாப்பிள்ளையோட மாமா, "தட்டைக் கீழ வைங்க, சகுனம் சரியில்ல, இன்னொரு நாள் பார்ப்போம்"னாரு. வடிவு முகம் செத்துப்போச்சு. அந்தம்மாவுக்கோ அவமானம் தாங்கல. மகனோட நல்ல காரியத்துல நாமளே தும்மிட்டோமேன்னு கண்ணு கலங்கிருச்சு. அந்தம்மா என்னமோ கொலை பண்ணுன மாதிரி எல்லாரும் பார்க்காங்க. அப்படிப் பார்த்தா எப்படி இருக்கும்னு பேச்சிக்குத்தான தெரியும்? அவளுக்கு மனசு பொறுக்கல. உள்ள இருந்தே கத்திட்டா:

"நூறு!"

எல்லாரும் கதவைத் திரும்பிப் பார்த்தாங்க. அந்தம்மாவுக்கு மறுபடி ஹச்ச்! "இருநூறு!" ஹச்ச்! "முந்நூறு!"

"எனக்கு ஆயுசு சொன்னது யாரு? வெளிய வா மக்ளே"ன்னாங்க தங்கநாடாச்சி. பேச்சி தயங்கித் தயங்கி வந்தா. செவந்த கண்ணு, நனைஞ்ச துண்டு. "அந்த ஜன்னல் ஆகாது பெரியம்மா. கருவேலம்பூத் தூளு வரும். இந்தப் பக்கம் உக்காருங்க"ன்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய், மூஞ்சி கழுவத் தண்ணி ஊத்துனா. அந்தம்மா அவ கண்ணைப் பார்த்தாங்க. "இதுக்குத்தான் உன்னை உள்ள வச்சிருந்தாங்களா?"ன்னு கேட்டாங்க. பேச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அப்பா சுடலைமுத்து தலையும் நிமிரல.

அந்தம்மா வந்து, தானே தட்டைக் கையில எடுத்தாங்க. "தூளுக்கு மூக்கு தும்முது, இதுல சகுனம் எங்க வந்துச்சு? என் மருமகளோட தங்கச்சி அவ பக்கத்துல வந்து நிக்கட்டும், மாத்துவோம்"னாங்க. மாமாவும் தட்டுக்குக் கை குடுத்தாரு. பேச்சி ஓடிப் போய் அக்கா கையைப் புடிச்சுக்கிட்டா. தட்டு கைமாறுது... நேரம் பார்த்து...

ஹச்!

அப்போ யாரு சொன்னா தெரியுமா? அவ அப்பா. "நூறு"ன்னாரு. அவ மறுபடி தும்ம, "இருநூறு தாயி, இருநூறு"ன்னு சொல்லிக்கிட்டே அவளைக் கட்டிப்புடிச்சு அழுதுட்டாரு.

ம்? ம் காணோமே. தூங்கிட்டியா?

என்னது, ஹச்சா? அடி என் கழுத, நூறு! போர்வையை மூக்குவரைக்கும் இழுத்துக்கோ. பேச்சி அக்கா பக்கத்துல போயிட்டா, கதையும் அதோட போயிருச்சு. கண்ணை மூடு, மிச்ச நூறெல்லாம் காலையில சொல்றேன்.