துடுக்கி மறைத்த பாறைவழி

வற்றிக்கொண்டிருந்த குட்டையில் பனையேறிக் கெண்டைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. மீன் தரையில் நடக்குமா என்று சிரிக்காதீர்கள்! இந்த மீன் நடக்கும். செவுளை ஊன்றி, வாலை உதைத்து, உடம்பில் ஈரம் இருக்கும்வரை தத்தித் தத்திப் போகும்.

அவற்றில் துடுக்கிதான் பெரிய ஆள். போன மழைக்காலத்தில் ஓடைவழியாகப் பெரிய ஏரிவரை நடந்து போய்த் திரும்பியவள். அந்தப் பெருமையைப் பேசாத நாளே கிடையாது. அதற்கு முன்னால் அதே ஏரிக்குப் பாறைவழியாகப் போய், பாதியில் செத்துப் பிழைத்து வந்ததைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள்.

"அக்கா, தண்ணீர் முதுகுக்குக் கீழே இறங்கிவிட்டது! கிளம்பலாம் வா!" என்றாள் தங்கை சிலும்பி.

"ஓடை காய்ந்து கிடக்கிறதே! மழை வரட்டும்."

"போன வாரம் கொக்கு நம் தம்பியைத் தின்றது போதாதா? அதற்குள் கருவாடாகிவிடுவோம்! பாறைவழி கிட்டத்தில்தானே இருக்கிறது? நான் முன்னால் போகிறேன்!"

இருந்த கொஞ்சம் தண்ணீரில் துடுக்கி இங்கும் அங்கும் சுற்றினாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் தங்கையே போய்விடுவாள். அதற்குள் சிலும்பி கரையேறிவிட்டாள்! அவள் பின்னாலேயே குஞ்சுகளும் கிளம்பிவிட்டன!

"நில்லுடி!" என்று துடுக்கி தொண்டை கிழியக் கத்தினாள். "அந்தப் பாறையில் நான் தோற்றுப்போனேன்! அடுப்புக் கல் மாதிரி சுட்டது. செவுள் காய்ந்து, அழுதுகொண்டே திரும்பினேன்!"

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "நீயா அக்கா? அப்புறம் எப்படிப் பிழைத்தாய்?" என்றாள் சிலும்பி.

"உருண்டு போய்ப் பாறையடியில் ஒரு தாழம்புதருக்குள் விழுந்தேன். அங்கே ஒரு ஊற்று, கோடையிலும் சுரக்கிறது. அட, இருங்கள்! ஏரிக்குப் போனபோது, ஓடையின் கடைசி வளைவில் நின்று அதே புதரைப் பார்த்தேனே! அங்கிருந்து ஏரி கூப்பிடு தூரம்தான்!"

வெயில் தாழ்ந்ததும் பாறையில் ஏறாமல், அதன் நிழலோடு நடந்தார்கள். ஊற்றில் புரண்டு உடம்பை நனைத்துக்கொண்டார்கள். ஓடை வளைவைத் தாண்டி, விடியும்போது ஏரியில் குதித்தார்கள்.

குஞ்சுகள் கும்மாளம் போட்டன. சிலும்பி மட்டும் அக்காவிடம் வந்தாள். "இதை முன்னாடியே சொல்லியிருந்தால், போன வாரம் கொக்கு தின்ற நம் தம்பியும் இங்கே இருந்திருப்பானே, அக்கா!"

ஜெயித்ததை மட்டும் சொல்லித் தோற்றதை மறைப்பவர், தம்மை நம்பிப் பின்னால் வருகிறவர்களுக்குப் பாதி வழியைத்தான் காட்டுகிறார்.