முகம் தெரியும் சிலிண்டர்

நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்ற விசைப்படகை அலை கவிழ்த்தது. ஓட்டிய கஸ்பார் கரை சேரவில்லை. "ஆயில் ஊத்தாம ஓட்டிட்டான்" என்றார் படகு முதலாளி தொம்மை. ஊர் நம்பியது, நானும் நம்பினேன்.

மீட்ட எஞ்சின் எங்கள் பட்டறைக்கு வந்தது. கஸ்பாரின் தம்பி மிக்கேல்தான் அங்கே எஞ்சின் சிலிண்டரின் உட்சுவரைத் தேய்ப்பவன். தொம்மை அவனிடம் சொன்னார்: "உள்ளே என் முகம் தெரியணும். இல்லேன்னா உனக்கு இந்த ஊர்ல வேலை கிடையாது."

போரிங் போட்டு உட்சுவரைக் கடைந்து, தேய்த்து முடித்தான். "பாருங்க முதலாளி. போன தடவை வேற பட்டறையில தேய்ச்சவங்க கீறல் விட்டுட்டாங்களோ?"

தொம்மை குனிந்தார். "கீறலா? பக்கத்துல நின்னு கண்ணாடியாட்டம் தேய்க்க வெச்சேன்டா!"

பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்: மெல்லிய கீறல் இருந்தால்தான் சிலிண்டரில் ஆயில் தங்கும்; தங்காவிட்டால் எஞ்சின் இறுகிவிடும்.

"அப்போ எங்கண்ணன் ஊத்தின ஆயில் எங்க தங்கும், முதலாளி?"

தொம்மை நிமிரவே இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன். உலர்ந்த அவர் முகம், சிலிண்டருக்குள் மட்டும் கடலில் மூழ்கியவன் முகம்போல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.