லிங்கன் படுத்த கட்டில்

இல்லினாய்ஸில் விடுதி நடத்திய ஹொரேஸ் முதலாளி, "ஜனாதிபதி லிங்கன் படுத்த கட்டில் இங்கே!" என்று வாசலில் பலகை மாட்டிவிட்டார்.

வேலைக்காரி டெலியாவைக் கூப்பிட்டு, "பத்திரிகைக்காரர் வர்றார். லிங்கன் படுத்ததைப் பார்த்தேன்னு சொல்லு. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை கிடையாது!" என்று மிரட்டினார்.

முப்பது வருஷமாக அந்தக் கட்டிலுக்கு விரிப்புப் போடுகிறவள் அவள். சரியென்று தலையாட்டினாள்.

ஊரே அறைக்குள் முண்டியடித்தது. "நிஜமாவே படுத்தாராம்மா?" என்றார் நிருபர்.

"படுத்தாரே! ஆறடி நாலங்குல மனுஷன், இதுவோ அஞ்சடிக் கட்டில். பாவம், விடிய விடிய ஜன்னலுக்கு வெளியேதான் காலை நீட்டியிருந்தார். காலையிலே அவர் பூட்ஸிலே குவிஞ்ச பனியை நான்தான் தட்டிவிட்டேன்!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

டெலியா பவ்யமாகக் கேட்டாள்: "நீங்க சொல்லச் சொன்னதைத்தானே சொன்னேன், முதலாளி! என் வேலை இருக்கில்லே?"