பல்செட்டைத் தூக்கிட்டுப் போன பூனை

கிட்ட வந்து ஒட்டி உக்காரு. காலைப் போர்வைக்குள்ள விடு. நடுநடுவுல "ம்" கொட்டணும், இல்லன்னா பூனை கோவிச்சுக்கும்.

ஒரு ஊர்ல, கடலோரத்துல, அருளப்பன்னு ஒரு அண்ணாச்சி. அவர் வீட்டுக்காரி சூசையம்மா செத்துப்போனதும் மனுசன் கட்டில்ல சுவரைப் பாத்துப் படுத்தவர்தான். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். ஆறுதல் சொல்ல வந்தவங்க முதுகைப் பாத்துட்டுப் போனாங்க. இப்படியே கிடந்தா இவரும் போய்ச் சேந்துருவார்னு தெருவுக்கே பயம்.

அந்த வீட்ல இன்னொரு ஆளும் பட்டினி. சீனின்னு ஒரு பூனை. தினம் மீன்காரி பாக்கியம் வந்ததும் சூசையம்மா அதுக்கு மீன்தலை போடுவா. இப்போ யாரு போடுவா? இந்த ஆளை எழுப்புனாத்தான் நமக்குத் தலைன்னு அது கணக்குப் போட்டுச்சு. ம் சொல்லு.

மொதல்ல, சர்ருனு அவர் போர்வைய இழுத்துச்சு. அவர் வேட்டிய அவுத்துப் போத்திக்கிட்டார். சிரிக்காதே.

அப்புறம் அடுப்பாங்கரைல ஏறிச் சட்டியத் தள்ளிச்சு. டமால், லொடலொடலொட. அவர் காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டார்.

மூணாவதா அது சத்தமே போடல. டம்ளர் தண்ணில ஊறிக்கிட்டிருந்த அவரோட பல்செட்டை லபக்குனு கவ்விச்சு. தெருவுல இறங்கி ஓடிச்சு.

அவர் கத்தலாம்னு வாயைத் தொறந்தா பொக்கை வாய்ல புஸ்ஸுனு காத்துதான் வருது. அப்புறம் என்ன, அண்டர்வேரோட அண்ணாச்சி பின்னால ஓடுறார், தொப்பு தொப்பு தொப்புனு.

சீனி நேரா பாக்கியத்தோட மீன்கூடைக்குப் போச்சு. பல்லைக் கீழ வச்சுது. வாலைச் சுருட்டி உக்காந்துச்சு, மீனுக்கு விலை குடுத்தாப்புல.

பாக்கியம் பல்லைப் பாத்தா, அண்ணாச்சியப் பாத்தா. "மேல்பல்லு மட்டுந்தான் இருக்கு அண்ணாச்சி. இதுக்கு ரெண்டு மீன் தாரேன். கீழ்ப்பல்லும் கொண்டாந்தா மூணு."

அவர் உடம்பு குலுங்குச்சு. அழப்போறார்னு பாக்கியம் பயந்துட்டா. பாத்தா, சிரிக்கிறார்.

அப்புறம் பல்லைக் கழுவி மாட்டிக்கிட்டு மெதுவாச் சொன்னார்: "சூசையம்மா மீன்தலைய இதுக்குப் போடுவா. நடுத்துண்டு எனக்கு. வாலை அவ எடுத்துக்குவா."

அவ செத்ததுக்கப்புறம் அந்தப் பேரு அவர் வாய்ல வந்தது அப்போதான்.

"வாலையும் இன்னிக்கு நீங்களே தின்னுங்க"ன்னு பாக்கியம் மீனை நறுக்கிக் கொடுத்தா. அண்ணாச்சியே குழம்பு வச்சார். உப்புக் கரிச்சுது. அவரும் சீனியும் சட்டிய வழிச்சுத் தின்னாங்க. ம்?

மறுநாள் காலைல மனுசன் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பினார். பல்லு பத்திரமா வாய்க்குள்ள. "இன்னிக்கு எதைத் தூக்குவே?"ன்னு கேட்டார்.

சீனி ஒரு கொட்டாவி விட்டுச்சு. அப்புறம் அவரோட மூக்குக்கண்ணாடியக் கவ்விக்கிட்டு, வாசப்படிக்குப் போய், அவர் வேட்டி கட்டி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னுச்சு.

கதை வாசலைத் தாண்டிருச்சு, நீ கண்ணை மூடு.