வேரில்லாத பவளமணி

கொடைக்கானல் மலைச்சரிவில் ஒரு சிறிய தியான இல்லம். அதை நடத்திய மங்களாம்பிகைக்கு நாற்பது வயதுதான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் அவர் குருவை அம்மா என்றே அழைத்தார்.

மனைவி கோமளா இறந்தபிறகு மலையேறி வந்தவர் அவர். குரு அவருக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. வாசலோரம் நிழலில் இருந்த பவளமணிச் செடிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நர்சரிக்காரர்கள் கோரல் பெல்ஸ் என்று விற்கிற செடி. திராட்சை நிறத்தில் அகலமான இலை; மெல்லிய தண்டில் சின்னச் சின்ன மணிகளாகச் சிவப்புப் பூ.

தணிகாசலம் அவற்றுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வெயில் விழுந்த பக்கம் பச்சை வலை கட்டினார். பழுத்த இலைகளைக் கிள்ளினார். வந்தவர்களெல்லாம் அந்தப் பாத்தியின் முன் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு காலையில் ஒரு செடி வாடியிருந்தது. நிமிர்த்திவிடலாம் என்று தொட்டார். செடி அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. மண்ணைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாக வேர்ப்புழுக்கள். அடுத்த செடியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

அவர் குருவிடம் போய், ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார்.

"ஏன்?"

"மேல இலை நல்லா இருந்துச்சும்மா. உள்ள தின்னுக்கிட்டிருந்தது எனக்குத் தெரியல. கோமளாவும் அப்படித்தான். சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா. டாக்டர் சொல்றப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் பக்கத்துலயே இருந்தேன். என்னை நம்பி எதையும் விடக்கூடாது."

குரு தன் அறைக்குப் பின்னால், தானே வளர்த்த பவளமணிகளிடம் அவரை அழைத்துப்போனார். செழித்திருந்த ஒன்றைப் பிடித்து இழுத்தார். அதுவும் கையோடு வந்தது.

அதன் அடியிலும் வேர் இல்லை.

"எனக்கும் தெரியல" என்றார் குரு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார்.

பொழுது சாயும்வரை வேலை நடந்தது. மண்ணைச் சலித்துப் புழுக்களைப் பொறுக்கினார்கள். குரு ஒவ்வொரு செடியிலும் பெரிய இலைகளை வெட்டிப் போட்டார். மிச்சம் இருப்பதே இலைதானே என்று தணிகாசலம் தடுத்தார். வேர் இல்லாத செடி இத்தனை இலைக்கு எங்கே போய்த் தண்ணீர் தேடும் என்று கேட்டுவிட்டு, குரு தொடர்ந்து வெட்டினார். குருத்து மட்டும் நின்ற கட்டைகளை மணல் கலந்த புது மண்ணில் ஊன்றினார்கள். எல்லாம் பிழைக்காது என்பதையும் குரு அப்போதே சொல்லிவிட்டார்.

தணிகாசலம் ஊருக்குப் போகவில்லை. அவை என்ன ஆகின்றன என்று பார்க்காமல் போக மனம் வரவில்லை. அழுகியவற்றை எடுத்து எறிந்தார். மற்றவற்றைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

பனிக்காலம் முடிந்தபோது, பிழைத்து நின்றவற்றில் ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மண்ணைப் பிடித்திருந்தது. அதன் முன்னாலேயே உட்கார்ந்து, கோமளா போனபிறகு முதல்முறையாக அழுதார்.

குரு வந்து பக்கத்தில் நின்றார்.

"அம்மா, இனிமேலாவது உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியுமா?"

"தெரியாது." குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சிருக்கு. தண்ணி ஊத்துங்க."