யானைக்கு வைத்த மொய்

சென்னியப்பன் தன் போனிலிருந்து தன் எண்ணுக்கே மறுபடியும் அழைத்தார். இந்த முறையும் லைன் பிஸி.

“ஆளு யார்கூடவோ பேசிட்டே இருக்காரு” என்றார்.

“வெச்சுட்டுக் கூப்பிடுங்க சார். நீங்க வெச்சாத்தானே அவரு எடுப்பாரு?” என்றாள் எமல்டா.

வைத்தார். கூப்பிட்டார். பிஸி.

கணினித் திரையில் ஒரு மஞ்சள் பெட்டி நின்றது. ‘இந்தக் கோப்பைப் பதிவிறக்க உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்’ என்றது. அந்த அலுவலகத்தின் கணினிகளுக்கெல்லாம் நிர்வாகி சென்னியப்பன்தான். பெட்டியின் கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தானும் இருந்தது. ஆனால் பெட்டி தொடர்புகொள்ளச் சொன்னதே ஒழிய அழுத்தச் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்கிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

பூவேந்திரன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான். “அண்ணா, உங்களுக்குக் கிடைக்காத ஆளு எனக்குக் கிடைக்கலாம். நான் கூப்பிட்டுப் பாக்கறேன்.”

கூப்பிட்டான். பக்கத்து நாற்காலியில் மணி அடித்தது. சென்னியப்பன் எடுத்தார்.

“நிர்வாகி பேசறனுங்க. சொல்லுங்க.”

“ஒரு கோப்பு இறக்கோணுங்க.”

“எதுக்குங்க?”

“மண்டபத்துக்குங்க.”

“யோசிச்சுச் சொல்றனுங்க” என்று சென்னியப்பன் போனை வைத்துவிட்டார். அவர் யோசித்து முடிக்கும்வரை மூவரும் அமைதியாகக் காத்திருந்தார்கள். அவரும் அந்த மூவரில் ஒருவர்.

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற கடையின் மாடியில் இயங்கிய மென்பொருள் நிறுவனம் அது. மூன்று பேரும் நிரலாளர்கள். சென்னியப்பன் தலைவர், மற்ற இருவரும் அவர் சொன்னதைச் செய்பவர்கள். அவர்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அங்காத்தாள் அக்கா. ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. எந்த நாளில் யாருக்கு மண்டபம் என்பது அவர்கள் எழுதிக் கொடுத்த நிரலில் இருந்தது. அங்காத்தாள் அக்கா திரையில் தெரிவதை மட்டுமே நம்புவார். திரையில் பெயர் இல்லாத மாப்பிள்ளை குதிரையில் வந்தாலும் கதவு திறக்காது.

அந்த விவரங்களையெல்லாம் இத்தனை நாளும் ஒரு தரவுத்தளம் காத்துவந்தது. அது காசுக்கு வாங்கியது. வெள்ளிக்கிழமையோடு அதன் உரிமம் முடிகிறது. அதற்குள் எல்லாவற்றையும் இலவசமான ஒன்றுக்கு மாற்றியாக வேண்டும்.

பூவேந்திரனுக்கு இதில் மற்றவர்களைவிட அக்கறை அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மண்டபத்தில் அவனுக்குக் கல்யாணம். நம் பக்கத்தில் மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. இவனுக்கு நெற்றிக்கு மேலே முடி ஒதுங்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு ஜாதகம் ஒத்துவந்தது. பெண்ணின் அப்பா அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்காரர், கண்டிப்பானவர். “முகூர்த்தம் ஞாயித்துக்கிழமை. மண்டபத்துல ஏதாச்சும் குளறுபடின்னா பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன்” என்று நிச்சயதார்த்தத்தின்போதே சொல்லியிருந்தார்.

எந்த இலவசத் தரவுத்தளத்தை எடுப்பது என்று காலையில் ஆழமாக விவாதித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் இருந்தது. அதைத் தாண்டி ஆராய வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

“டால்பின் நல்லாத்தான் இருக்கு” என்றாள் எமல்டா. “ஆனா ஈரோட்டுல கடல் இல்லியே சார்.”

“காவேரி இருக்குது” என்றான் பூவேந்திரன்.

“இந்த மாசம் தண்ணி வுடலை” என்றார் சென்னியப்பன். டால்பின் விலக்கப்பட்டது.

“இங்க பாருங்க, கரப்பான் பூச்சி போட்டு ஒண்ணு இருக்குது. என்ன பண்ணுனாலும் சாகாதாம்” என்றாள் எமல்டா.

“மண்டபத்துச் சமையல்கட்டுல கரப்பானா? உணவுத்துறை ஆளு வந்தா யாரு பதில் சொல்றது? என் கல்யாணச் சாப்பாடுங்க அது!” என்றான் பூவேந்திரன்.

கடைசியில் யானைச் சின்னம் போட்டதைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்யாணத்துக்கு யானை வருவது மங்களம், அதுவும் இலவசமாக.

யானை இணையத்தில் இருந்தது. அதை இறக்க இவர்களிடம் ஓர் இறக்கி இருந்தது. எங்கோ ஒரு தளத்தில் பார்த்து நிறுவிய பதிவிறக்கக் கருவி. அந்த இறக்கி, தன்னுடைய புதிய பதிப்பை இறக்கினால்தான் இறக்குவேன் என்றது. புதிய பதிப்பை இறக்க வேறோர் இறக்கி தேவைப்பட்டது. அதன் பக்கத்தில் ஐந்தாறு பச்சைப் பொத்தான்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ‘இங்கே பதிவிறக்கவும்’ என்றே எழுதியிருந்தது. யார் மனமும் புண்படக் கூடாது என்று ஆளுக்கொரு பொத்தானை அழுத்தினார்கள். சென்னியப்பனுக்கு ஒரு சீட்டாட்டமும் எமல்டாவுக்கு ரஷ்ய மொழியில் வானிலையும் வந்தன. பூவேந்திரனுக்கு உடல் எடையைக் குறைக்கும் வழி வந்தது. அவன் கல்யாணத்தை முன்னிட்டு அதைச் சேமித்துக்கொண்டான்.

சரியான பொத்தான் கிடைத்ததும், நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபியுங்கள் என்றது இறக்கி. போக்குவரத்து சிக்னல் உள்ள படங்களையெல்லாம் காட்டச் சொன்னது. சிக்னல் என்றால் விளக்கு மட்டுமா, கம்பமும் சேர்த்தியா என்று சந்தேகம் வந்தது. பூவேந்திரன் கீழே இறங்கி, சிக்னல்வரை நடந்து போய் நேரில் பார்த்துவிட்டு வந்தான்.

“விளக்கு எரியலை. கம்பம் மட்டுந்தான் இருக்குது” என்றான்.

“அப்ப கம்பந்தான் சிக்னல்” என்று தீர்ப்பளித்தார் சென்னியப்பன். இறக்கி அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் கருவியை எழுதியவர்களும் இவர்களைப் போன்றவர்கள்தான் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த மஞ்சள் பெட்டி.

சென்னியப்பன் யோசித்து முடித்தார். பூவேந்திரனைப் போனில் அழைத்து, “இறக்கிக்குங்க” என்றார். எமல்டா பொத்தானை அழுத்தினாள். இறக்கம் விறுவிறுவென ஓடி, தொண்ணூற்றொன்பது விழுக்காட்டில் நின்றுவிட்டது. நின்றது நகரவில்லை.

“இது ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள் எமல்டா. “அடுத்து நூறு. சுழியத்துல முடியும். நல்ல காரியத்துக்கு யாராச்சும் நூறு வெப்பாங்களா? நூத்தியொண்ணு வெச்சாத்தானே மொறை?”

மற்ற இருவரும் அவளைப் புதிய மரியாதையோடு பார்த்தார்கள். அந்த நேரத்தில் கீழ்க்கடைக்காரர் டயர் இயந்திரத்தை நிறுத்தினார், மின்சாரம் சீரானது, இறக்கம் முடிந்தது. ஆனாலும் எமல்டா சொன்னது சென்னியப்பனின் மனதில் தங்கிவிட்டது.

யானையோடு ஒரு வரவேற்புக் குறிப்பும் வந்திருந்தது. அவர் அதை உரக்க வாசித்தார். “இது திறந்த மூல மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் மாற்றலாம். உங்கள் பங்களிப்பை அன்புடன் வரவேற்கிறோம்.”

கடைசி வரியை மட்டும் மறுபடியும் வாசித்தார்.

“பங்களிப்பு கேட்டிருக்காங்க” என்றார்.

“அன்பளிப்பைத் தவிர்க்கவும்னு போட்டிருக்கா பாருங்க சார்.”

“போடலை.”

“அப்ப வெச்சுத்தான் ஆகோணும். சாப்பிட்டுட்டு மொய் வெக்காம கையைத் துடைச்சுட்டு வர்றதுங்களா?”

“என்னைய விட்டுடுங்க” என்றான் பூவேந்திரன். “நான் கல்யாண வீட்டு ஆளு. நான் மொய் வெச்சா நல்லாருக்காது.”

இருவரும் சேர்ந்து ஒரே மொய்யாக வைப்பது என்று முடிவானது. யானையின் மூல நிரலைத் திறந்து, மொய் வைக்கத் தோதான இடத்தைத் தேடினார்கள். நாள்களை எண்ணத் தொடங்கும் இடத்தில் ஒரு சுழியம் கிடந்தது.

“பாரு எமல்டா. அத்தனை பெரிய மனுசங்க சேர்ந்து எழுதியிருக்காங்க, கடைசியில சுழியத்துல வுட்டுட்டாங்க.”

“வெளிநாட்டுக்காரங்க. அவங்களுக்கு மொறை தெரியாதுங்க சார்.”

சென்னியப்பன் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சுழியத்தை அழித்துவிட்டு ஒன்று வைத்தார். எமல்டா எழுந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அங்காத்தாள் அக்காவின் விவரங்கள் முழுவதும் யானைக்குள் போய்விட்டன. ஒரு பெயர்கூடத் தொலையவில்லை. எல்லா நாள்களும் ஒரு நாள் தள்ளிப் போயிருந்தன, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை அங்காத்தாள் அக்கா திரையைப் பார்த்தார். ‘இன்று: காதுகுத்து விழா’ என்று இருந்தது. மண்டபம் காலியாகக் கிடந்தது. காதுகுத்து வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஏனுங்க, இன்னும் ஒருத்தரையும் காணோம்?”

“நேத்தே குத்திட்டோமுங்களே அக்கா. நீங்ககூட இருந்தீங்க.”

“நேத்து வந்தது உங்க இஷ்டம். உங்க நாளு இன்னிக்கு. வாங்க.”

அவர்களும் வந்தார்கள். சொன்ன நாளில் போகாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தை ஆசாரியைப் பார்த்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. அங்கிருந்தவர்களில் நிலைமை புரிந்தது அதற்கு மட்டும்தான்.

உண்மையில் அன்றைக்கு மண்டபம் லாரி பாடி கட்டுவோர் சங்கத்துக்கு. பொதுக்கூட்டம். சங்கத் தலைவர் ஆட்களோடு வந்து இறங்கியபோது பந்தியில் காதுகுத்துக்காரர்கள் இருந்தார்கள்.

“உங்களுக்கு நாளைக்குத்தானுங்க” என்று அங்காத்தாள் அக்கா திரையைத் திருப்பிக் காட்டினார். தலைவர் பார்த்தார். அவர் பெயர் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

“நாளைக்கு எங்க மாப்பிள்ளை பூவேந்திரன் கல்யாணமாச்சே?” என்று, அந்தக் கல்யாணத்துக்கும் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்த மேளக்காரர் கேட்டார்.

“அது திங்கக்கிழமை. பாருங்க, போட்டிருக்குது.”

செய்தி போனதும் மூன்று நிரலாளர்களும் ஒரே பைக்கில் மண்டபத்துக்கு வந்தார்கள். பூவேந்திரன் நடுவில் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு ஆகாது என்றும் பாராமல் அழுதுகொண்டே வந்தான்.

“அக்கா, நாளைக்கு ஆறு மணிக்கு முகூர்த்தங்க்கா! மாமா பொண்ணைக் கூட்டிட்டுக் கெளம்பிட்டாரு. நாளைக்குத் தாலி கட்டலீன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாரு.”

“எனக்கும் சங்கடமாத்தான் இருக்குது சாமி. உன் பேரு திங்கக்கிழமை இருக்குதே, நான் என்ன பண்ணட்டும்?”

அதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. அர்த்தநாரி இறங்கி வந்து, எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார்.

“என்னங்க இது அக்குறும்பு?” என்றார். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியுதுங்க. திரைக்குத் தெரியலியே” என்றார் அங்காத்தாள் அக்கா.

“யாரு இந்த வேலையைப் பண்ணுனது?”

சுழியத்தை அழித்து ஒன்று வைத்ததைச் சென்னியப்பன் தலைகுனிந்து சொன்னார். அர்த்தநாரி கொஞ்சமும் தயங்கவில்லை. அந்த இடத்துக்கு ஒரு புத்திசாலி வந்து சேர்ந்துவிட்டார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

“ஒண்ணு வெச்சதால வந்த வெனைதானே? அந்த ஒண்ணை எடுத்துடுங்க. முடிஞ்சுபோச்சு.”

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். “மொய்யா வெச்சதுங்க அது. கையைக் கழுவிட்டு வெச்சது.”

அர்த்தநாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“மொய்யா?” என்றார்.

“ஆமாங்க.”

“அதை எப்படிங்க எடுக்கறது?” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நம்ம வம்சத்துல வெச்ச மொய்யை யாரும் எடுத்ததில்லீங்க. மாப்ளே, நீங்க அழுவாதீங்க. வேற வழி இருக்குதான்னு பாப்போம்.”

வேனிலிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது. “அப்பா, இறங்கலாமா?”

“இரும்மா! கெழமை முடிவாகட்டும்!”

எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காதுகுத்து வீட்டார் மிஞ்சிய ஜிலேபியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“நாளைக்கே திங்கக்கிழமையா இருந்தா ஒரு வில்லங்கமும் இல்லீங்க” என்றாள் எமல்டா.

“நடுவுல ஞாயித்துக்கிழமை நிக்குதே” என்றார் சென்னியப்பன்.

“எங்க சங்கத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க” என்று லாரிச் சங்கத் தலைவர் பெருந்தன்மையோடு சொன்னார். “எங்களை ஞாயித்துக்கிழமை வரச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை வந்தா வருவோம். வரலீன்னா வரமாட்டோம்.”

“ஆனா முகூர்த்தம் ஞாயித்துக்கிழமைக்குக் குறிச்சதாச்சே?” என்று பூவேந்திரன் விசும்பினான்.

“நாளைக்குன்னு குறிச்சது மாப்ளே” என்றார் அர்த்தநாரி யோசனையோடு. “நாளைக்கு அப்படியேதான் இருக்குது. அதுக்கு ஒண்ணும் ஆகலை.”

காலை டிபனுக்கு எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைப்பது என்று அங்காத்தாள் அக்கா கேட்டார். திங்கட்கிழமை என்றால் நேரத்தோடு வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், பந்தியைச் சீக்கிரம் போட வேண்டும் என்றார் சென்னியப்பன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள் என்றாள் எமல்டா. பொங்கலா கிச்சடியா என்பதில் பேச்சு சூடுபிடித்தது.

அர்த்தநாரி எழுந்து போய் மேசைக்குப் பின்னாலிருந்த தினசரிக் காலண்டரில் சனிக்கிழமைத் தாளைக் கிழித்தார். அடுத்ததையும் கிழித்தார். இரண்டையும் சேர்த்து நான்காக மடித்து, கையில் ஒட்டியிருந்த ஜிலேபிப் பாகைத் துடைத்துவிட்டு, பெட்டிகளை இறக்குவதற்காக வேனைப் பார்த்து நடந்தார்.