ஆயிலுக்குள் வந்த தண்ணீர்

கீழக்குப்பத்தில் அந்த டிராக்டர் உழவுக்கு இல்லை, படகு இழுக்க. மணலில் நாற்பது பேர் தோள்கொடுத்துத் தள்ள வேண்டிய படகை, முப்பது வயதான அந்த வண்டி ஒற்றைக் கயிற்றில் மேட்டுக்கு ஏற்றிவிடும். வண்டிக்குச் சொந்தக்காரி அஞ்சம்மாள். ஓட்டுகிறவன் அவள் கொழுந்தன் கலியன்.

அன்று இரவு புயல் கரையைக் கடக்கும் என்று காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள். இருட்டுவதற்குள் பதினேழு படகுகள் மேடேறியாக வேண்டும். வண்டியை எடுக்குமுன் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிய கலியன் அப்படியே நின்றுவிட்டான். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால்காப்பி நிறத்தில் வழிந்தது. அளவும் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

"அண்ணி, ஆயில்ல தண்ணி கலந்துருச்சு. இப்படியே ஓட்டுனா இஞ்சின் இறுகிப்போயிரும்."

டவுனிலிருந்து இரண்டு மெக்கானிக்குகளை அழைத்து வந்தார்கள். மூத்தவர் கோதண்டம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டார். கழுத்து வரை தண்ணீர் நின்றது. ஆனாலும் அவர் யோசிக்கவில்லை.

"இஞ்சின் ஹெட்டுக்கு அடியில தண்ணியையும் ஆயிலையும் பிரிக்கிற கேஸ்கெட் போயிருச்சும்மா. ஹெட்டைக் கழட்டணும். நாளைக்கு மத்தியானம் ஆயிரும்."

"கேஸ்கெட் போனா வெள்ளைப் புகை தள்ளுமே. நேத்து தள்ளுச்சா?" என்றார் மற்றவர், தாவூது. இல்லையென்று கலியன் தலையாட்டினான். "அப்ப சிலிண்டருக்கு அடியில இருக்குற ரப்பர் வளையம் கிழிஞ்சிருக்கு. வண்டி சும்மா நின்னாலே தண்ணி எறங்கும். மொத்த இஞ்சினையும் பிரிக்கணும். மூணு நாள்."

இருவரும் வாதிட்டுக்கொண்டிருக்க, வாடைக்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கயிறும் கையுமாக நின்ற ஊர்க்காரர்கள் அஞ்சம்மாளையே பார்த்தார்கள். அவள் கலியன் பக்கம் திரும்பினாள்.

"ரேடியேட்டருக்குக் கடைசியா எப்ப தண்ணி ஊத்துன?"

"மூணு நாளாச்சு அண்ணி. கொறையவே இல்ல."

"நேத்து அலைக்குள்ள எறக்குனியா?"

கலியன் தலை குனிந்தான். "கடைசிப் படகுக்கு எறக்குனேன். ஒரு அலை பானட்டுக்கு மேல அடிச்சுது. ஆயில் ஊத்துற ஓட்டைக்கு மூடி இல்லாம துணிதான் அடைச்சிருந்தேன். அப்படியே ஓட்டிட்டு வந்துட்டேன்."

அஞ்சம்மாள் மெக்கானிக்குகள் பக்கம் திரும்பினாள்.

"எதையும் பிரிக்க வேணாம். ஆயிலை வடிச்சுக் கழுவிட்டு, புதுசு ஊத்துங்க."

"அக்கா, நீங்க சொல்றது தப்புன்னா இன்னிக்கே வண்டி போச்சு. அப்புறம் ஒரு படகும் மிஞ்சாது" என்றார் தாவூது.

அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

கேட்டவர்களே, கேஸ்கெட் என்கிறார் ஒருவர், வளையம் என்கிறார் ஒருவர், இரண்டும் இல்லை என்கிறாள் அஞ்சம்மாள். மூவரில் யார் சொன்னது சரி? எதை வைத்துச் சொல்வீர்கள்?

விடை: அஞ்சம்மாள் சொன்னதே சரி. கேஸ்கெட் போனாலும் வளையம் போனாலும் ஆயிலுக்குள் இறங்குவது ரேடியேட்டர் தண்ணீர்தான். ஆயில் இரண்டு விரற்கடை ஏறியும் ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. அப்படியானால் அது வெளியிலிருந்து வந்த தண்ணீர். தாவூது ஆயில் வடிக்கும் அடிநட்டைத் திருகியதும் முதலில் தண்ணீர்தான் கொட்டியது. நாக்கில் தொட்டுப் பார்த்தவர், "உப்பு!" என்று கத்தினார். மலிவு ஆயில் ஊற்றி இரண்டு முறை ஓடவிட்டு வடித்தார்கள். புது ஆயிலோடு வண்டி உறுமியபோது மத்தியானம் மணி இரண்டு. தன் வீட்டுப் படகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அஞ்சம்மாள். பதினாறு படகுகள் மேடேறின. பதினேழாவதற்குக் கலியன் கயிற்றோடு ஓடியபோது, அலை அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தது.